போனை அம்மாகிட்டக் குடுங்க

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மூலனூர்ப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து போன் வந்தது. சினை மாடு, தண்ணிக்குடம் உடைந்துவிட்டது, கன்று வரவில்லை என்றார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்திருந்த மாணவன் அதற்குள் பையை எடுத்துக்கொண்டு, கார் சாவியோடு வாசலில் போய் நிற்கிறான். நான் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். குடம் உடைந்து எவ்வளவு நேரம்? எத்தனையாவது ஈத்து? கால் தெரிகிறதா, ஒன்றா இரண்டா? குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்க்கிறதா, கீழே பார்க்கிறதா? மூக்கு தெரிகிறதா? பதில்களெல்லாம் நல்லபடியாகவே இருந்தன. "யாரும் கயிறு போட்டு இழுக்க வேண்டாம். எல்லாரும் கட்டுத்தரையை விட்டுத் தள்ளிப் போங்க. அந்தப் பெரிய லைட்டை அணைச்சிருங்க. அரை மணி கழிச்சுக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். அரை மணி ஆவதற்குள்ளேயே கூப்பிட்டார்கள். கிடேரிக் கன்றாம். மாடு நக்கிக்கொண்டிருக்கிறதாம்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தவன் கேட்டான்: "மேடம், நாம போகவே இல்லையே. அப்ப நாம என்ன பண்ணினோம்?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நல்ல பையன், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். "போய்த் தூங்குப்பா, காலையில பேசலாம்" என்றேன். காலையில் வேறு வேலை வந்துவிட்டது. பயிற்சி முடிந்து அவனும் போய்விட்டான். கேள்வி மட்டும் என்னிடமே கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே கனவு கண்டவள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வெள்ளகோவில் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் காங்கேயம் மாடுகள் இருந்தன. ஊருக்குப் பால் சொசைட்டி வந்த பிறகு ஜெர்ஸி கலப்பு மாடுகளும் வந்தன. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு படித்தேன். என் மார்க் எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டவில்லை, நாமக்கல்லுக்கு எட்டியது. அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வந்த வழி அதுதான், அதிலொன்றும் வெட்கமில்லை. நாமக்கல் கல்லூரி 1985இல் தொடங்கியது, நாங்கள் போனபோது இன்னும் புதுசாகத்தான் இருந்தது. சுற்றிலும் கோழிப் பண்ணைகள். படித்து முடித்தவர்கள் பலர் அங்கேயே தீவன நிறுவனங்களிலும் பண்ணைகளிலும் சேர்ந்துகொண்டார்கள், நல்ல சம்பளம். சிலர் டிஎன்பிஎஸ்சி எழுதி அரசு மருந்தகங்களுக்குப் போனார்கள். நான் காங்கேயத்துக்குத் திரும்பி, துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மருத்துவரிடம் சேர்ந்தேன். பொண்ணு, அதுவும் ராத்திரியில், மாட்டு வைத்தியத்துக்கா என்று ஊரில் பேசினார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லாமல் ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கிக் கொடுத்தார்.

கல்லூரியில் சொல்லிக் கொடுத்ததில் குறையே சொல்ல முடியாது. கையுறை போட்டுத் தோள்வரை கையை உள்ளே விட்டு, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே கன்றைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிடியில் சிக்குவது முன்னங்காலா பின்னங்காலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? குளம்புக்கு மேலே இருக்கும் முதல் மூட்டை மடக்கிப் பார்க்க வேண்டும், அதற்கு அடுத்த மூட்டையையும் மடக்கிப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கமாக மடங்கினால் முன்னங்கால். எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இருட்டில், வழுவழுப்பில், மாடு முக்கி நம் கையை நெரிக்கும்போது இது ஒன்றுதான் பிடிமானம். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் குட்டி திரும்பிக்கொண்டால் என் சின்னக் கை பெரிய வசதி. ஆண் டாக்டர்கள் கையை நுழைக்கவே முடியாத இடத்தில் எனக்கு இரண்டு விரல் இடம் மிச்சமிருக்கும். மேச்சேரி ஆடு வைத்திருப்பவர்கள் என்னைத் தேடி வரத் தொடங்கியது இதனால்தான். பொம்பளை டாக்டர் என்ற பேச்சு அதற்கப்புறம் குறைந்துபோனது.

போனில் எப்படிக் கேட்பது என்று மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியொரு பாடம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

மீட்டர் ஓடுதுங்க

காங்கேயத்தில் நான் சேர்ந்த அந்த மருத்துவரைச் சார் என்றே சொல்கிறேன். அவர் வீட்டில் ஒரு கறுப்பு டெலிபோன் உண்டு. தோட்டங்களில் போன் கிடையாது. மாட்டுக்கு ஏதாவது என்றால் சைக்கிளை மிதித்து ரோட்டோரத்து எஸ்டிடி பூத்துக்கு வந்துதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டவர் பூத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் அவ்வளவுதான், திரும்ப நாம் கூப்பிட வழியில்லை. அதனால் சார் கேட்க வேண்டியதையெல்லாம் அந்த ஒரே அழைப்பில் கேட்டுவிடுவார். எதிரே இருப்பவர் "மீட்டர் ஓடுதுங்க சாமி, வெரசா வாங்க" என்று கத்துவார். சார் அசர மாட்டார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. ஆடியில் விதைத்த மானாவாரிச் சோளம் முழங்கால் உயரத்தோடு வாடி நின்றது. புரட்டாசியில் ஒரு நாள் பொழுதோடு போன் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே குரல் கேட்டது. "ரெண்டு உருப்படி உளுந்து காலை ஒதைச்சுக்கிட்டுக் கெடக்குதுங்க. வாயில நுரை தள்ளுதுங்க." நான் பையைத் திறந்து என்னென்ன மருந்து இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். மனசு முழுக்க விழுந்து கிடக்கும் மாடுகள்தான்.

சார் கேட்ட முதல் கேள்வி: "மத்த உருப்படியெல்லாம் எங்கே?"

"அங்கதானுங்க, காட்டுக்குள்ளயே நிக்குதுங்க."

"எந்தக் காடு?"

"சோளக்காடுங்க. பயிர் வாடிப் போச்சுங்களா, சும்மாத்தான கெடக்குது, மேயட்டும்னு வுட்டமுங்க."

"போனை வெச்சுட்டு ஓடு. நிக்கிறதையெல்லாம் மொதல்ல வெளிய கொண்டா. வெரட்டாதே, மெதுவா நடத்திட்டு வா. கொறங்காட்டுக்குள்ள விட்டுப் படலைச் சாத்து. உளுந்ததை நான் வந்து பாத்துக்கறேன்."

எம்80யில் போனோம். பின்னால் பையோடு நான். போய்ச் சேர்ந்தபோது ஒரு மாடு செத்திருந்தது. இன்னொன்று கழுத்தை நீட்டிக்கொண்டு மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. சார் கழுத்து நரம்பிலிருந்து சிரிஞ்சில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் பிடித்து, என்னிடம் காட்டினார். சிரை ரத்தம் கருத்துத்தான் இருக்கும். இது பளீரென்று சிவப்பாக இருந்தது. இளஞ்சோளத்தை, அதுவும் மழையில்லாமல் குன்றிப்போன பயிரை மாடு மெல்லும்போது அதிலிருந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது. அசைபோடும் வயிற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைய இருந்தும் உடம்பின் செல்களால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாமல் போய்விடும். எடுத்துக்கொள்ள ஆளில்லாத ஆக்சிஜன் அப்படியே திரும்பி வருவதால்தான் அந்தச் சிவப்பு. நைட்ரேட் நஞ்சாக இருந்தால் ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், அதற்கு மருந்து வேறு. புத்தகத்தில் இரண்டையும் படித்திருக்கிறேன், பரிட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தச் சிவப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சார் பையில் சோடியம் தயோசல்பேட் கரைசல் எப்போதும் இருக்கும். அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவ வைத்திருந்த ஹைப்போ என்ற உப்பும் இதேதான். ஊசியை நரம்பில் ஏற்றி, மெதுவாக விட்டோம். கொஞ்ச நேரத்தில் மாடு தலையைத் தூக்கியது. அப்புறம் உடம்பை உதறி, நெஞ்சை ஊன்றி உட்கார்ந்தது. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது. சார் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் நின்ற உருப்படிகளைப் பார்க்கப் போய்விட்டார். ஏழெட்டு இருக்கும். எல்லாம் மயிலைப் பசுக்கள், இரண்டு கன்றோடு நின்றன. ஒவ்வொன்றாக மூச்சைப் பார்த்துவிட்டு வந்தார். எதற்கும் ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னார்: "உளுந்த மாட்டைச் சொல்லத்தான் அவங்க போன் பண்ணுவாங்க. நிக்கிற மாட்டை நாமதான் கேக்கோணும் அம்மிணி."

அன்றைக்கு ஊசியால் பிழைத்தது ஒரு மாடு. கேள்வியால் பிழைத்தது ஏழெட்டு. அந்தத் தோட்டத்துக்காரர் பணம் கொடுத்தது ஊசிக்குத்தான். இன்றுவரை அவர் கதை சொன்னால், செத்துக்கொண்டிருந்த மாடு எழுந்து உட்கார்ந்ததைத்தான் சொல்வார். நிற்கும் மாடு நின்றுகொண்டே இருப்பதில் கதை எங்கே இருக்கிறது?

யாரிடம் கேட்பது

சாரிடம் இல்லாத ஒன்றை நானாகக் கற்றுக்கொண்டேன் என்றால் அது இதுதான்: போன் செய்பவர் பெரும்பாலும் ஆண், மாட்டைத் தெரிந்தவர் பெரும்பாலும் பெண். "மாடு படுத்துருச்சுங்க, எந்திரிக்க மாட்டேங்குது" என்பார் அவர். கன்று போட்டு எத்தனை நாள் என்றால், போனை வாயிலிருந்து எடுத்து உள்ளே பார்த்துக் கூப்பிடுவார்: "ஏனம்மிணி, எத்தனை நாளாச்சு?" நேற்றுக் காலையில் எவ்வளவு பால் கறந்தது என்றால் அதற்கும் உள்ளே. காதைத் தொட்டுப் பாருங்க, சில்லென்று இருக்கிறதா என்றால் அதற்கும் உள்ளே. இப்போதெல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே சொல்லிவிடுவேன், "போனை அம்மாகிட்டக் குடுங்க" என்று. சிலருக்குக் கொஞ்சம் சுணக்கம்தான். ஆனால் அந்தப் பக்கம் போன் கைமாறியதும் பதில்கள் மளமளவென்று வரும்.

கன்று போட்டு இரண்டு மூன்று நாளுக்குள், நிறையக் கறக்கும் கலப்பு மாடு, மூன்றாம் நான்காம் ஈத்து, கழுத்தை மடக்கி விலாவில் சாய்த்துக்கொண்டு படுத்திருக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது என்றால் ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிட்டது என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிடலாம். நான் போய்ச் சேர்வதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவேன். பக்கவாட்டில் சாய விடாதீர்கள், இரண்டு பக்கமும் வைக்கோல் மூட்டையை அண்டக்கொடுத்து நெஞ்சை ஊன்றி உட்கார வையுங்கள். வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை சொல்வேன். மாடு படுத்தால் மூங்கில் குழாயில் எதையாவது ஊற்றுவது இங்கே தலைமுறைப் பழக்கம். விழுங்கத் தெம்பில்லாத மாட்டுக்கு அது நேராக நுரையீரலுக்குப் போய்விடும். கால்சியம் போட்டு எழுப்பிய மாடு, நாலு நாள் கழித்து நிமோனியாவில் போனதைப் பார்த்திருக்கிறேன்.

போனபிறகு நடப்பது பார்க்க நன்றாக இருக்கும். 450 மில்லி பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, இன்னொரு கையில் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டபடியே சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும். பாதி இறங்கும்போது தொடைச் சதை நடுங்கும், மாடு ஏப்பம் விடும், சாணி போடும். கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்தைத் தூக்கி எழுந்து நின்று சுற்றிப் பார்க்கும். புதுசாக வரும் மாணவர்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி பிடிக்கும். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள். வைக்கட்டும், சந்தோஷமான விஷயம்தானே.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் வரும் போன்கள் தனி ரகம். மாடு தின்னவில்லை, அசைபோடவில்லை, வயிறு உப்பியிருக்கிறது, கழிச்சல். என்ன தின்றது என்று வீட்டுக்காரரைக் கேட்டால் "எப்பவும் போலத்தானுங்க, தட்டும் புண்ணாக்கும்" என்பார். ஒரு வீட்டில் மருமகளிடம் கேட்டேன், அவரும் அதையே சொன்னார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்றதற்கு, ஆத்தா இருக்கிறார் என்றார்கள். போன் ஆத்தாவிடம் போனது. "நோம்பி நாளும் அதுவுமா வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் குடுக்காம இருக்க முடியுமா கண்ணு? மிச்சப் பொங்கலைத்தான் வெச்சேன்." எவ்வளவு என்று கேட்டேன். ஒரு அன்னக்கூடை. அவ்வளவு அரிசிச் சோறு ஒரே நேரத்தில் உள்ளே போனால் வயிறு முழுக்க அமிலமாகிவிடும், சோடா உப்பும் குளுக்கோஸ் பாட்டிலுமாக விடிய விடியப் போராட வேண்டும். ஆத்தாவுக்கு அப்போது அழுகை வந்துவிட்டது. அவரைத் திட்டினால் அடுத்த வருஷம் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதனால் "நல்லவேளை சொன்னீங்க ஆத்தா, இப்ப வழி தெரிஞ்சுபோச்சு" என்றேன். இந்தத் தொனியையும் சேர்த்துத்தான் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. கேள்வியைப் போலீஸ் மாதிரி கேட்டால் பதில் வராது.

கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, "இதுக்கு முன்னாடி யாராச்சும் ஊசி போட்டாங்களா?" என்பது. பெரும்பாலும் போட்டிருப்பார்கள். என்ன ஊசி என்று தெரியாது, காலி மருந்துக் குப்பியை எடுத்து வைக்கச் சொல்வேன். மாடுகளுக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்தைப் போடக் கூடாதென்று 2006இலேயே தடை வந்துவிட்டது. அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை. நமக்கு ரொம்பத் தூரத்து விஷயமில்லை, சத்தியமங்கலத்துக்கு மேலே மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுக் கழுகுகள் இருக்கின்றன. இருந்தும் எப்போதாவது ஒரு குப்பி கட்டுத்தரையில் கிடைத்துவிடுகிறது.

காசு

இதற்குக் காசு உண்டா என்றால், இல்லை. போய்ப் பார்த்தால் காசு, பாட்டில் போட்டால் அதற்கும் மேல் காசு. போனில் அரை மணி நேரம் பேசி ஒரு மாட்டையும் கன்றையும் காப்பாற்றினால் "ரொம்ப நன்றிங்க" என்பார்கள், அடுத்த முறை தோட்டத்துப் பக்கம் போனால் இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள். நான் குறையாகச் சொல்லவில்லை, எனக்கு வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் இப்போது படித்து வருபவர்களுக்கு? கோயம்புத்தூரில் ஒரு நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி போட்டு வருவதை, இங்கே ஒரு ராத்திரி முழுக்க விழித்தாலும் எடுக்க முடியாது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்குள் இதுவும் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஊசி போடாத டாக்டரை ஊரும் முழு டாக்டராக நினைப்பதில்லை. "வந்தாரு, பாத்தாரு, ஒண்ணும் போடலை" என்று சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு ஏமாற்றம் இருக்கும். சும்மாவேனும் ஒரு பி காம்ப்ளக்ஸ் போட்டுவிட்டு வருகிற டாக்டர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. இனி எதற்கு இந்தக் கேள்வி வித்தை என்று நாமக்கல் நண்பர் ஒருவர் கேட்டார். வீடியோவில் மாடு தெரியும், அது நேற்று என்ன தின்றது என்று தெரியாது. ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்தத் தோட்டத்தில் யாரோ எதையோ செய்துகொண்டுதான் இருப்பார்கள். கருப்பை வெளியே தள்ளிவிட்ட மாட்டை நடக்க விட்டு, அது தரையில் இழுபட்டு, நாய் வந்து வாய் வைத்த பிறகு நாம் போய் என்ன செய்ய? ஈரத் துணியில் சுற்றி ஏந்திப் பிடியுங்கள், வீட்டில் இருக்கிற சர்க்கரையை எடுத்து வையுங்கள் என்று அந்த நிமிஷத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். சர்க்கரையைத் தூவினால் நீர் கோத்த வீக்கம் வடியும், உள்ளே தள்ளுவது பாதி சுலபமாகிவிடும். இதைத்தான் அந்தப் பையனிடம் சொல்லியிருக்க வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு இவ்வளவும் கோவையாக யாருக்கு வரும்?

இந்த வருஷம் வந்திருக்கும் பயிற்சி மாணவர்களுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். ராத்திரி போன் முதலில் அவர்கள் கைக்குத்தான் போகும். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சொல்லவே வேண்டாம், எனக்கு இது பெரிய தண்டனை. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் இருக்கிறாள். மாட்டுக்கும் அவளுக்கும் கல்லூரிக்கு முன்னால் சம்பந்தமே கிடையாது, சோளத்தட்டுக்கும் கம்பந்தட்டுக்கும் வித்தியாசம் இங்கே வந்துதான் தெரிந்தது. அவள் எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "மாட்டுக்குப் பேர் என்னங்க?"

இது நேர விரயம் என்றேன். அதோடு, இந்தப் பக்கத்தில் மயிலை, செவலை, காரி என்று நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ கேட்டால் முழிப்பார்கள் என்றும் சொன்னேன். அவள் கேட்பதை நிறுத்தவில்லை. முழிக்கத்தான் செய்கிறார்கள், ஆண்கள். பேர் கேட்டதும் போனைத் தூரப் பிடித்து உள்ளே கூப்பிட்டுக் கேட்கிறார்கள். அந்தப் பேரைச் சொல்கிற குரல் யாருடையதோ, "அவங்ககிட்டயே குடுங்க" என்று அவள் அடுத்து வாங்கிக்கொள்கிறாள். இது அவள் யோசித்துச் செய்வதா, தற்செயலா என்று கேட்டேன். "ரெண்டும்தான் மேடம்" என்கிறாள். நான் இன்னும் பழைய வரிசையில்தான் கேட்கிறேன். கன்று போட்டு எத்தனை நாள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. போன வாரமும் அதைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.